விழுந்தவர் பதிவேடு

காரணம் என்ற கட்டத்தில்
பதினேழு தடவையும் ஒரே வசனம்:
நோயாளியின் கவனயீனம்.
ஆங்கிலத்தில்தான் எழுதுவோம்,
பழி போட வசதியான மொழி.
அதில் ஆறு நான் எழுதியது.
கடைசி எழுத்தின் வாலை
கோட்டுக்குக் கீழே இழுத்துவிடுவது
இந்த வாட்டில் நான் மட்டும்தான்.

டிப்ளோமாவுக்கு ஓர் ஆய்வு கேட்டார்கள்.
கை கழுவுவதைப் பற்றிச் செய், சுகமாக முடியும்
என்றாள் இரேஷா.
நான் இந்தப் பதிவேட்டை எடுத்தேன்.
சும்மா எண்ணிப் பார்க்கத்தான்.
மஸ்கெலியாவில் ஜூலை மழை.
ஈரமேறி ஒட்டிக்கிடந்த தாள்களை
ஊசிமுனையால் பிரித்துப் பிரித்து
வயது, கட்டில் இலக்கம், மாத்திரை, இரத்த அழுத்தம்.
அழுத்தம் ஒன்றும் சொல்லவில்லை.
மாத்திரையும் சொல்லவில்லை.
நேரம் சொன்னது.

நாலு பத்து.
நாலேகால்.
நாலு ஐந்து.
பதினேழில் பதினொன்று
விடியப்புறம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்.

அந்நேரம்தான் சிறிபால தரை கழுவுவார்.
பெரிய டொக்டர் வருமுன்
தரை காய்ந்திருக்க வேண்டும், மேட்ரன் கட்டளை.
மலைக் குளிரில் எது காயும்?

அது பாதிக் கதை.
மீதி பன்னிரண்டாம் கட்டிலில் கிடந்தது,
இடுப்பெலும்பு முறிந்து
கண்டி வரை போய்த் திரும்பிய பேச்சாயி.
ஏன்க்கா எழும்பினீங்க,
ஒரு சத்தம் குடுத்தா வந்திருப்பேனே என்றேன்.

"நான் எங்க மிஸி எழும்பினேன்?
காலு எழும்பிருச்சு.
முப்பத்தோரு வருசமா
நாலு மணிக்கு அடுப்பு, ரொட்டி, புள்ளைக்குச் சுடுதண்ணி,
பொறகு பெரட்டு.
ஆஸ்பத்திரின்னு சொன்னா
காலுக்கு வெளங்குமா?"

மண்டபத்தில் முடிவுகளை வாசித்தேன்.
மாதிரி மிகச் சிறிது என்றார் ஒருவர்.
பழக்கத்தை எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்றார் இன்னொருவர்.
கொழுந்துத் தராசால் அளந்தது சேர்,
இத்தனை கிலோ வராவிட்டால் அரைப்பேர் என்று
ஒவ்வொரு நாளும் அளந்தது,
வாய்வரை வந்ததை விழுங்கி
மேலதிக ஆய்வுகள் தேவை என்று சொல்லி
உட்கார்ந்துவிட்டேன்.
நல்ல புள்ளி போட்டார்கள்.

தரை கழுவுவது இரவு ஒன்பதுக்கு மாறியது.
கடைசி பஸ் தவறுகிறது என்று
சிறிபால இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
மூன்றே முக்காலுக்கு
ஒருத்தி கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்க வேண்டும்,
தமிழில்.
இரேஷாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
உள்ளங்கையில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டு
முதல் கட்டிலில் குனிந்து கேட்டாள்:
"எலும்பணுமா, அக்கா?"
"எலும்பு வேணாம் மிஸி,
இருக்கிறதே நோவுது."
இருட்டில் ஆறு ஏழு கட்டில்கள் சிரித்தன.
என்ன சொன்னேன், என்ன சொன்னேன் என்று
என் கையைப் பிடித்து உலுக்கினாள்.
இப்போதும் அப்படித்தான் கேட்கிறாள்.
திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.
அந்தக் குரலுக்கென்றே சிலர் விழித்துக் காத்திருக்கிறார்கள்.

அடுத்த நான்கு மாதத்தில் ஐந்து பேர்.
ஒருவர் பகல் இரண்டு மணிக்கு,
காய்ந்த தரையில், செருப்போடு.
அது ஏனென்று இன்னும் தெரியாது.
ஒருவர் மட்டும் அந்த நாலு மணியில்,
என் கண்முன்னால்.
ஒன்பதாம் கட்டிலை நான் தாங்கிப் பிடித்திருந்தேன்,
பத்தாம் கட்டில் இறங்கியது.
முப்பத்திரண்டு கட்டில்.
இரேஷா அம்புலன்ஸில் போயிருந்தாள்.

பதிவேட்டைத் திறந்தேன்.
காரணம்.
பேனை வழக்கமான வசனத்தை நோக்கித்
தானாகவே சாய்ந்தது,
நாலு மணிக் கால் மாதிரி.
நிறுத்தி எழுதினேன்:
எழும்பியவர்கள் இருவர். தாதி ஒருத்தி.
கட்டம் போதவில்லை.
வசனம் கோட்டைத் தாண்டி
மேலதிகாரி கையொப்பத்துக்கு விட்ட
வெற்றிடத்துக்குள் போய் நின்றது.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி வாசித்தார்.
கையொப்பத்துக்கு இடம் தேடி
பக்கத்தைத் திருப்பினார்.